கெண்டைக்கால் துடிப்பும் அசதியும்: ஏ.எல்.எஸ். பயம்

கெண்டைக்கால் துடிக்கிறது, அசதியாகவும் இருக்கிறது, இது ஏ.எல்.எஸ். (தசைகளை இயக்கும் நரம்புகள் படிப்படியாகச் செயலிழக்கும் நோய்) ஆக இருக்குமோ என்று பயந்து கேட்டிருக்கிறீர்கள். பலவீனம் இல்லாமல் வெறும் துடிப்பு மட்டும் இருந்தால், அது ஏ.எல்.எஸ். ஆக இருப்பது மிக அரிது. அந்த நோயில் கை கால் வலுவிழப்பதுதான் பெரும்பாலும் முதலில் தெரியும்: சாவியைத் திருப்ப முடியாது, பாதம் தொய்ந்து தடுக்கும், சட்டைப் பொத்தான் போட வராது. இன்று கெண்டைக்கால், நாளை கண்ணிமை என்று இடம் மாறித் துடிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது பெரும்பாலும் தீங்கில்லாத துடிப்புதான்.

பினாங்கு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் நைட் ஷிப்ட், இரவு முழுக்க கோப்பி ஓ (பால் சேர்க்காத காப்பி), பகலில் அரைத் தூக்கம் என்றும் சொல்கிறீர்கள். என் சந்தேகம் அங்கேதான். போதாததற்குப் பயம் வேறு. கவனிக்கக் கவனிக்கத் துடிப்பு கூடும்.

வீட்டிலேயே ஒன்று பாருங்கள். குதிகாலை மட்டும் ஊன்றி பத்தடி நடங்கள். அப்புறம் சுவரை லேசாகத் தொட்டுக்கொண்டு, ஒற்றைக் காலில் நுனிவிரலில் எழும்புங்கள். மறு காலிலும் அதே. இரண்டும் ஒரே மாதிரி வந்தால் சரி, விட்டுவிடுங்கள். மணிக்கொரு தரம் சோதித்தால் நல்ல காலும் சோர்ந்துபோகும்!

அசதிக்கு மட்டும் அரசாங்கக் கிளினிக்கில் ரத்தப் பரிசோதனை கேளுங்கள்: தைராய்டு, ஹீமோகுளோபின், சர்க்கரை, பொட்டாசியம், கால்சியம். குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் 1 ரிங்கிட்தான்.

ஆனால் ஒரு பக்கம் வலு குறைந்தாலோ, தசை மெலிந்தாலோ, பேச்சு குழறினாலோ, விழுங்கச் சிரமப்பட்டாலோ காத்திருக்க வேண்டாம், நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பச் சொல்லுங்கள். இவை திடீரென்று வந்தால் உடனே 999 அவசர எண்ணை அழையுங்கள்.