பாட்டியும் ரெடிஃப்யூஷனும்

அன்புள்ள ஐயா,

நான் தமிழ்ப்பெண். மலேசியாவின் பினாங்கில், ஹொக்கியன் என்ற சீன வட்டார மொழி பேசும் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். மாமியாருக்கு ஹொக்கியனும் கொஞ்சம் மலாயும்தான் தெரியும். சீனப்பள்ளியில் படிக்கும் என் ஆறு வயது மகள் பாட்டிக்குப் பொதுச் சீனமொழியான மாண்டரினில் பதில் சொல்கிறாள். 'மாண்டரின் போதும்' என்கிறார் கணவர். அவளுக்கு ஹொக்கியன் கற்பிக்க ரோமன் எழுத்து நல்லதா, சீன எழுத்தா?

எஸ்., ஜார்ஜ் டவுன்

அன்புள்ள எஸ்.,

எதுவானாலும் சரி. பாட்டியோடு பேச ஆறு வயதுப் பிள்ளைக்கு எழுத்து எதற்கு? கணவரோடும் மல்லுக்கு நிற்காதீர்கள்.

கொஞ்ச நாளாக எனக்கு ரெடிஃப்யூஷன் நினைப்புதான். நான் பையனாக இருந்தபோது சிங்கப்பூர்க் காப்பிக்கடைகளில் அந்தக் கம்பிவழி வானொலி பாடிக்கொண்டே இருக்கும். ஹொக்கியனில் ஓங் தோ கதை சொல்வார், இன்னொரு வட்டார மொழியான கான்டனீஸில் லீ தாய் சோ. அப்பா காப்பி வாங்க அனுப்பினால் கதை முடியும்வரை அங்கேயே நிற்பேன். பாதி புரியாது. பக்கத்து மேசைக் கிழவர் சிரித்தால் நானும் சிரிப்பேன். பிற்பாடு சந்தையில் பேரம் பேசவும் சண்டை போடவும் கைகொடுத்தது அப்படி ஒட்டிக்கொண்ட ஹொக்கியன்தான்.

1979இல் சிங்கப்பூர்ப் பிரதமர் லீ குவான் யூ, சீனர்கள் வட்டார மொழிகளை விட்டு மாண்டரின் பேச வேண்டும் என்று ஓர் இயக்கத்தைத் தொடங்கினார். சீனப்பள்ளிகளில் அதற்குப் பல காலம் முன்பிருந்தே மாண்டரின்தான் பாடமொழியாக இருந்தது. அதனால் ஹொக்கியன் செத்துவிடவில்லை. இயக்கம் கைவைத்தது வானொலி, தொலைக்காட்சிக் கதையில். கான்டனீஸ் பேசிய ஹாங்காங் தொடர்கள் மாண்டரின் குரலுக்கு மாறின. 1982இல் லீ தாய் சோவின் கதையும் நின்றது. பள்ளியை எதிர்த்து நின்ற மொழி, கதை போனதும் ஒரு தலைமுறைகூடத் தாங்கவில்லை. 2020 கணக்கெடுப்பில், வீட்டில் சீன வட்டார மொழிகளையே அதிகம் பேசுவோர் 8.7 விழுக்காடு. இதற்கிடையே 2016இல், முதியவர்களுக்குத் திட்டங்களை விளக்க அதே அரசு ஹொக்கியன் தொடர் எடுத்தது. நல்ல கூத்து!

பினாங்கில் எந்த அரசும் அப்படி வாயை அடைக்கவில்லை. உங்கள் வீட்டில் கதையை நிறுத்தியது நீங்கள்தான். மகள், கணவர், பள்ளி என்று எல்லோரையும் பற்றி எழுதிவிட்டு ஒன்றை மட்டும் நைசாக விட்டுவிட்டீர்கள். மாமியாரிடம் நீங்கள் எந்த மொழியில் பேசுகிறீர்கள்? மலாயில்தானே? அம்மா வாயில் வராத மொழி பிள்ளைக்கு மட்டும் எதற்காம்?

கோபித்துக்கொள்ளாதீர்கள் அம்மா. சின்ன வயதில் வாங்கிய அடி, பக்கத்து வீட்டுக்காரியோடு போட்ட சண்டை, எதையாவது சொல்லச் சொல்லுங்கள் மாமியாரை. நீங்களும் கூட உட்காருங்கள். புரியாத இடத்தில் மகளைக் கேளுங்கள்.