தாவர ஸ்டீரால் மாத்திரை: எப்போது, எவ்வளவு?

கேள்வி: எனக்கு எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரால் கூடுதல். தாவர ஸ்டீரால் மாத்திரை சாப்பிடச் சொல்கிறார்கள். ஸ்டீராய்டு என்றாலே பயம், இதுவும் அதுதானா? இரவு படுக்கும்போது போட்டுக்கொண்டால் போதுமா?

பதில்: பயம் வேண்டாம். ஆனால் படுக்கும்போது போட்டால் காசு வீண்.

ஸ்டீராய்டுக்கும் ஸ்டீராலுக்கும் குடும்பம் ஒன்றுதான். அறுகோண வளையம் மூன்று, ஐங்கோண வளையம் ஒன்று, நான்கும் ஒட்டிய 17 கார்பன் கூடு. கொலஸ்ட்ரால், கார்டிசால், டெஸ்டோஸ்டிரோன், மருந்தாகத் தரும் பிரெட்னிசோலோன் எல்லாவற்றுக்கும் இதுவே எலும்புக்கூடு. அதில் எது எங்கே ஒட்டியிருக்கிறது என்பதைப் பொறுத்து வேலை மாறும். கொலஸ்ட்ராலில் 27 கார்பன்; தாவரங்களின் சிட்டோஸ்டீராலில் 29. வாலில் இரண்டு கார்பன் கூடுதல், அவ்வளவுதான்.

அந்த இரண்டு கார்பனைக் குடல் கண்டுகொள்கிறது. உணவுக் கொலஸ்ட்ராலில் ஏறக்குறைய பாதி உடம்பில் சேரும். சிட்டோஸ்டீராலில் 5 சதவீதம்கூடச் சேராது. குடல் செல்லுக்குள் நுழைந்ததையும் ஏபிசிஜி5, ஏபிசிஜி8 என்ற புரதங்கள் வெளியே தள்ளிவிடும். ஆகவே ஸ்டீராய்டு மருந்தின் பக்கவிளைவுகளை இதில் தேட வேண்டாம்.

கொலஸ்ட்ரால் தண்ணீரில் கரையாது. பித்த உப்புகள் உருவாக்கும் நுண்துளிகளில் ஏறித்தான் குடல் சுவரை அடையும். அங்கே இடம் குறைவு. ஸ்டீரால் இடம்பிடித்துவிட்டால் கொலஸ்ட்ரால் மலத்தோடு போய்விடும். பித்தநீர் குடலுக்குள் நன்றாகக் கொட்டுவது சாப்பிடும்போதுதான், அதிலும் கொழுப்புள்ள உணவுக்கு. வெறும் வயிற்றில் போட்ட மாத்திரைக்குப் போட்டிபோட ஆளே இல்லை.

நாளுக்கு 2 கிராம், இரண்டு பெரிய வேளைச் சாப்பாட்டோடு பிரித்துச் சாப்பிடுங்கள். லேபிளில் ‘ஸ்டீரால் எஸ்டர்’ (கொழுப்பு அமிலத்தோடு இணைத்த ஸ்டீரால்) என்றிருந்தால் 2 கிராம் ஸ்டீராலுக்குச் சுமார் 3.3 கிராம் எஸ்டர் வேண்டும். பலர் ஏமாறுவது இங்கேதான். சில வாரங்களில் எல்டிஎல் 8 முதல் 10 சதவீதம் இறங்கும். 3 கிராமைத் தாண்டினால் பலன் பெரிதாகக் கூடாது, ரத்தத்தில் கரோட்டின் (உடம்பு வைட்டமின் ஏ ஆக மாற்றும் சத்து)தான் குறையும்.

ஸ்டாட்டின் என்ற கொலஸ்ட்ரால் மருந்தைச் சாப்பிடுகிறவர் அதை நிறுத்தக் கூடாது. அது கல்லீரலில் உற்பத்தியை அடக்குகிறது, இது குடலில் வரவைத் தடுக்கிறது. மாரடைப்பைக் குறைப்பதாக நேரடியாகக் காட்டிய பரிசோதனை ஸ்டாட்டினுக்கு உண்டு, இதற்கு இல்லை.

கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் தவிர்க்கலாம். சிட்டோஸ்டீரோலீமியா என்ற அரிய பரம்பரைக் கோளாறு உள்ளவர்கள் தொடவே கூடாது. அவர்களிடம் அந்த வெளியேற்றும் புரதம் வேலை செய்யாது. தாவர ஸ்டீரால் ரத்தத்தில் தேங்கும். வழக்கமான ரத்தப் பரிசோதனையோ அதையும் கொலஸ்ட்ரால் என்றே கணக்கில் சேர்த்துவிடும்.