வேட்டைக்குரிய கொம்பவுண்ட் வில்லை மதிப்பிடுவது எப்படி? – கேள்வி பதில்

ஒன்ராறியோவில் வில் கடையொன்றின் திருத்தும் மேசையில் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுத் திருகோணமலைக்குத் திரும்பியவன் நான். கனடாவில் பிள்ளைகளும் மருமக்களும் உள்ள நம்மூரவர்கள் கொம்பவுண்ட் வில் (இரு நுனியிலும் சில்லுகள் பூட்டிய நவீன வில்) வாங்குவது பற்றி அவ்வப்போது கேட்பதால், அண்மையில் வந்த கேள்விகளுக்குச் சேர்த்தே பதில் எழுதுகிறேன். இலங்கையில் 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் புள்ளிமானும் மரையும் பாதுகாக்கப்பட்ட விலங்குகள். ஆகவே, கீழே வேட்டை என்று வருவதெல்லாம் உரிமம் பெற்று வேட்டையாட அனுமதியுள்ள நாடுகளைப் பற்றியதே.

கேள்வி (உப்புவெளி): ஐயா, கனடாவிலுள்ள மைத்துனர் வாங்க நினைக்கும் வில்லின் பெட்டியில் செக்கனுக்கு 330 அடி என்று போட்டிருக்கிறது. இது நல்ல வேகமா?

நல்ல வேகந்தான்; ஆனால் அது உங்கள் மைத்துனருக்குக் கிடைக்கப்போகும் வேகமன்று. பெட்டியில் அச்சிடும் எண் பெரும்பாலும் 70 இறாத்தல் இழுவிசையும் (நாணை இழுக்கத் தேவையான பலம்) 30 அங்குல இழுநீளமும் (நாணை இழுக்கும் தூரம்) கொண்ட வில்லில், 350 கிரெயின் (ஒரு கிராம் ஏறத்தாழ 15 கிரெயின்) எடையுள்ள மெல்லிய அம்பை வைத்து அளந்தது. நம்மவர்களில் 30 அங்குலம் இழுக்கக்கூடியவர்கள் குறைவு. கைகளை இருபுறமும் விரித்து, ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மற்றைய நுனி வரை அங்குலத்தில் அளந்து 2.5ஆல் வகுத்தால் இழுநீளம் ஏறத்தாழத் தெரிந்துவிடும். விரிப்பு 67 அங்குலமென்றால் இழுநீளம் 27 அங்குலத்தை ஒட்டி வரும். ஓர் அங்குலம் குறையும்போது செக்கனுக்குப் பத்து அடியளவு வேகம் போகும். இழுவிசையை 60 இறாத்தலுக்கு இறக்கி, வேட்டைக்கேற்ற 420 கிரெயின் அம்பையும் வைத்தால் அந்த 330 என்பது 250 அளவில் வந்து நிற்கும்.

இதைக் கேட்டுக் கவலைப்பட வேண்டியதில்லை. அம்பின் எடையை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி 450,240ஆல் வகுத்தால் இயக்க ஆற்றல் அடி-இறாத்தலில் கிடைக்கும். மேற்சொன்ன அம்புக்கு அது 58 ஆகிறது. மானுக்கு 25 முதல் 41 வரையும், எல்க், கருங்கரடி போன்ற பெரிய விலங்குகளுக்கு 42 முதல் 65 வரையும் என்பது அம்பு தயாரிப்பாளர்களின் வழக்கமான வழிகாட்டல். எனவே மான் வேட்டைக்குப் போகிறவருக்கு இது தாராளமாகப் போதும்.

கேள்வி (திருகோணமலை நகர்): வேகம் கூடினால் மான் தப்பாது என்கிறார்களே?

ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 1,100 அடி செல்கிறது. எந்த வில்லின் அம்பும் அதன் மூன்றிலொரு பங்கைக்கூட எட்டுவது அரிது. இருபது யார் தூரத்தில், 250 அடி வேக அம்பு போய்ச் சேரக் கால் செக்கன் எடுக்கிறது. நாணின் ஓசையோ அதற்கு வெகு முன்னரே மானின் காதை அடைந்துவிடுகிறது. பிரட்றிக் கோட்டைக்குள் கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் நிற்கும் புள்ளிமான்களைச் சற்று நேரம் கவனியுங்கள். முச்சக்கர வண்டியின் ஹோர்ன் திடீரென்று அடித்தால், பாய்வதற்கு முன்னர் கால்களை மடக்கி உடம்பைக் கீழே தாழ்த்தும். கனடாவின் வெண்வால் மானும் அதையேதான் செய்கிறது; அம்பு முதுகுக்கு மேலால் போய்விடும். ஆகையால், இரண்டு வில்களுக்கிடையில் தெரிவு செய்ய நேர்ந்தால் பத்து அடி வேகத்தை விட்டுக்கொடுத்து, ஓசையும் அதிர்வும் குறைந்ததை எடுக்கச் சொல்வேன். கடையில் எய்து பார்க்கும்போது வேறொருவரை எய்யச் சொல்லிவிட்டு, நீங்கள் இருபது யார் முன்னால் பாதுகாப்பான பக்கவாட்டில் நின்று கேளுங்கள். வில்லைப் பிடித்திருப்பவருக்குக் கேட்கும் ஓசை வேறு, இலக்கின் பக்கத்தில் கேட்பது வேறு.

கேள்வி (கிண்ணியா): எனக்கு உடல் வலு இருக்கிறது. கனடா போனதும் 70 இறாத்தலே வாங்கலாமா?

வலுவைக் கடையில் நின்றபடி சோதிக்காதீர்கள், தம்பி. ஒரு நாற்காலியில் அமர்ந்து, அம்பொன்றை நாணில் கோத்து, வில்லை மேலே தூக்காமல் இலக்குக்கு நேரே வைத்தபடி மெதுவாக இழுங்கள். வில்லை வானத்தை நோக்கித் தூக்கி, தோளைக் குலுக்கித்தான் இழுக்க முடிகிறதென்றால் இழுவிசை உங்களுக்கு அதிகம். நவம்பர் மாதக் குளிரில், தடித்த மேலங்கியோடு, மரத்திலே கட்டிய பலகையில் மணிக்கணக்காக அசையாமல் இருந்து விறைத்துப்போன தோளால் அதே இழுப்பைச் செய்யவேண்டும். அந்த அசைவையும் மான் பார்த்துக்கொண்டிருக்கும்.

இழுத்து முடித்தபின் தாங்கும் சுமை வேறு கணக்கு. வில்லின் நுனியிலுள்ள கேம் எனப்படும் சில்லு திரும்பியதும் சுமை தளரும். 80 வீதத் தளர்வுள்ள 70 இறாத்தல் வில்லில் கையில் நிற்பது 14 இறாத்தல் மட்டுமே. அந்த இடத்தில் நாண் சுவரில் முட்டியதுபோல் உறுதியாக நிற்கிறதா, சற்றுத் தளர்த்தியவுடன் கையை முன்னே பிடுங்குகிறதா என்று பாருங்கள். மான் மரத்துக்குப் பின்னால் நின்றுவிட்டால் ஒரு நிமிடம் அப்படியே தாங்க நேரலாம். பிடுங்கும் வில்லோடு அது பெரும்பாடு.

கேள்வி (நிலாவெளி): ஒன்ராறியோவில் இருக்கும் என் மகளால் 42 இறாத்தல்தான் இழுக்க முடியும். அவள் மான் வேட்டைக்குப் போகலாமா, அண்ணா?

போகலாம். ஒன்ராறியோவில் மானுக்குக் குறைந்தபட்ச இழுவிசை 18 கிலோ, அதாவது 39.7 இறாத்தல். மூஸ் என்னும் பெரிய மான் இனம், கரடி ஆகியவற்றுக்கு 22 கிலோ வேண்டும். அவற்றுக்கு அவருடைய வில் போதாது. 380 கிரெயின் அம்பு செக்கனுக்கு 200 அடி போனால் 34 அடி-இறாத்தல் வருகிறது, அது மானுக்குப் போதும். ஆனால் அம்பின் முனையில் கவனம் தேவை. பறக்கும்போது மடிந்திருந்து, பட்டவுடன் விரியும் முனை, தன்னை விரிப்பதற்கே ஆற்றலில் ஒரு பகுதியைச் செலவழிக்கும். குறைந்த இழுவிசைக்கு இரண்டு அலகுகள் கொண்ட நிலையான முனையே பொருத்தம். அதன் அகலம் குறைந்தது 22 மில்லிமீற்றர் இருக்கவேண்டும் என்பதும் அங்குள்ள விதி. பயிற்சி முனையோடு சரியாகப் போகும் அம்பு வெட்டு முனையோடு விலகிப் போகக்கூடும். எனவே வேட்டைக்கு எடுத்துச் செல்லும் அதே முனையால் எய்து பார்த்த பின்னரே காட்டுக்குப் போகச் சொல்லுங்கள்.

கேள்வி (மூதூர்): இலண்டனிலுள்ள தம்பிக்கும் இதே ஆலோசனைதானா?

இல்லை. பிரித்தானியாவில் வில்லால் வேட்டையாடுவது குற்றம். 1981ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் அதைத் தடுக்கிறது. இலக்கு எய்தலுக்குத் தடையில்லை.

கேள்வி (தம்பலகாமம்): வயலைப் பன்றி உழுதுவிடுகிறது. இந்த வில் உதவுமா?

உதவாது. இருட்டில், அசையும் பன்றியின் தோள்பட்டைக்குப் பின்னால் அம்பைப் பதிப்பது தேர்ந்தவருக்கும் கடினம். காயப்பட்ட பன்றி பற்றைக்குள் புகுந்தால் மறுநாள் காலை வரம்பில் நடந்து வருபவருக்கே ஆபத்து. வேலியையும் வனசீவராசிகள் திணைக்கள அலுவலகத்தையும் நாடுங்கள்.

கேள்வி (ஸ்காபரோ, சொந்த ஊர் சாம்பல்தீவு): பாவித்த வில் மலிவாக வருகிறது. எதைப் பார்த்து வாங்குவது?

அதிகம் சொல்லவேண்டியது இங்கேதான். முதலில் விலையைப் பேசாமல் ஒரு துண்டுப் பஞ்சைக் கையில் எடுத்து, வில்லின் மேல், கீழ்க் கைகளின் (இழுக்கும்போது வளையும் பாகங்கள்) விளிம்பு நெடுகிலும் மெதுவாகத் தடவுங்கள். கண்ணுக்குத் தெரியாத கண்ணாடியிழை வெடிப்பு இருந்தால் பஞ்சு அதில் சிக்கி ஒரு மயிர் நூலை விட்டுச்செல்லும். வில்லின் கை, பிடியுள்ள நடுச்சட்டத்தில் பொருந்துகிற இடத்தையும், சில்லு மாட்டியிருக்கும் நுனியையும் இருமுறை பாருங்கள். பஞ்சு சிக்கினால் அந்த வில் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

அடுத்து, யாராவது அம்பில்லாமல் நாணை விட்டிருக்கிறார்களா என்பது. அம்புக்குப் போகவேண்டிய ஆற்றல் முழுவதும் அப்போது வில்லுக்குள்ளேயே திரும்பும். சில்லை விரலால் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். அச்சு வளைந்திருந்தால் ஆட்டம் தெரியும். சில்லின் பள்ளத்தை நகத்தால் வருடுங்கள். நெளிவோ கீறலோ இருந்தால் அது நாணை அறுக்கும். இழுத்துப் பார்ப்பதானால் அம்பைக் கோத்து, இலக்கை நோக்கியே இழுங்கள். விற்பவர் அம்பில்லாமல் இழுத்துக் காட்டினால், வீட்டிலும் அப்படித்தான் இழுத்திருப்பார்.

நாண் மயிர் மயிராகப் பிரிந்திருப்பதோ, மேற்சுற்று நூல் விலகியிருப்பதோ வில்லை ஒதுக்கக் காரணமன்று. நாணும் சில்லுகளை இணைக்கும் கேபிளும் எப்படியும் இரண்டு மூன்று ஆண்டுகளில் மாற்றவேண்டியவை. மாற்றுக் கூலியோடு சேர்த்து அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். ஆனால் இழுநீளத்தை மாற்ற முடியாத சில்லு என்றால், அது உங்கள் அளவுக்கு இருந்தாலொழிய வாங்காதீர்கள். அரை அங்குலம் நீளமானாலும் நாண் முகத்திலும் மேலங்கியின் கையிலும் உரசும்.

கேள்வி (நிலாவெளி): போட்டிக்காக வாங்கிய வில் ஒன்று வீட்டில் இருக்கிறது. கடற்காற்று பாதிக்குமா?

பாதிக்கும். அச்சு, தாங்கி, திருகாணி ஆகியவற்றில் உப்பு படியும். வாரந்தோறும் உலர்ந்த துணியால் துடைத்து, அச்சில் ஒரு சொட்டு எண்ணெய் இட்டு, நாணுக்கு மெழுகு பூசி, ஈரமுறிஞ்சிப் பொட்டலத்தோடு பெட்டியில் மூடி வையுங்கள். மாரியில் இன்னும் கவனம். வெயிலில் நிறுத்திய காருக்குள் மட்டும் ஒருபோதும் வைக்காதீர்கள். சூட்டில் வில்லின் கைகளின் அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரியும், நாணும் நீண்டு சில்லுகளின் ஒத்திசைவு குலையும்.