வாசகர் கேள்வி – பதில்: திருட்டிலிருந்து அட்டைச் சேகரிப்பைக் காப்பது எப்படி?

கேள்வி: மாணவனாக அமெரிக்கா வந்த காலம் முதல் வீரர்களின் படம் அச்சிட்ட பேஸ்பால், கூடைப்பந்து அட்டைகளைச் சேகரித்து வருகிறேன். சில அட்டைகள், அட்டைகளின் நிலையை ஆராய்ந்து தரமிடும் பிஎஸ்ஏ நிறுவனத்தின் தரமதிப்பீடு பெற்றவை. மற்றவை சாதாரண உறையில் உள்ளன. இன்றைய விலையில் எல்லாம் சேர்ந்து 40,000 டாலர் தேறும் என்று நினைக்கிறேன். அண்மையில் எங்கள் தெருவில் இரண்டு வீடுகளில் திருட்டு நடந்தது. என்னிடம் இருக்கும் வீட்டுக் காப்பீடே இந்தச் சேகரிப்புக்குப் போதுமா?
– வாசகர், எடிசன், நியூ ஜெர்சி

பதில்: பெரும்பாலும் போதாது. வீட்டுக் காப்பீட்டில் தனிநபர் உடைமைகளுக்கான பகுதி திருட்டையும் உள்ளடக்கியதுதான் என்பதால், பலர் அந்த ஒரு வரியோடு மனநிறைவு அடைந்துவிடுகிறார்கள். அதற்குப் பின்வரும் பக்கங்களில்தான் விஷயம் இருக்கிறது. இழந்த பொருளுக்குப் புதுப் பொருளின் விலையைத் தருவதாகச் சொல்லும் பாலிசிகளிலும்கூட, பழம்பொருள்கள், கலைப்பொருள்கள், நினைவுப்பொருள்கள், சேகரிப்பாளர் பொருள்கள் ஆகியவற்றுக்கு அந்தச் சலுகை பொருந்தாது என்ற விலக்கு வழக்கமாகவே இருக்கும். அப்போது தேய்மானம் கழித்த மதிப்புதான் கிடைக்கும். நாற்பது ஆண்டுப் பழைய அட்டைக்குத் தேய்மானம் என்றால் என்ன என்று இழப்பு நேர்ந்த பிறகு நீங்கள் நிறுவனத்தோடு வாதாட வேண்டியிருக்கும். அதற்கும் மேலாக, டிடக்டிபிள் எனப்படும், நீங்களே ஏற்க வேண்டிய தொகை கழிக்கப்படும். சில பாலிசிகள் சேகரிப்புப் பொருள்களுக்கென்று மிகக் குறைந்த தனி உச்சவரம்பையும் வைத்திருக்கின்றன. உங்கள் முகவரிடம் தொலைபேசியில் கேட்டு ஆறுதல் பெறுவதைவிட, இந்த மூன்றையும் பற்றி மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் பெறுவதே நல்லது.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, விலை உயர்ந்த அட்டைகளை ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டு, அவற்றின் மதிப்பையும் குறிப்பிட்டு, வீட்டுப் பாலிசியோடு இணைப்பாகச் சேர்ப்பது. மற்றொன்று, சேகரிப்புப் பொருள்களுக்கு மட்டுமே காப்பீடு செய்யும் நிறுவனங்களிடம் தனிப் பாலிசி எடுப்பது. 40,000 டாலர் அளவுள்ள, வாங்கியும் விற்றும் மாறிக்கொண்டே இருக்கும் சேகரிப்புக்கு நான் இரண்டாவதையே பரிந்துரைப்பேன். ஒவ்வொரு முறை அட்டை கைமாறும்போதும் வீட்டுப் பாலிசியைத் திருத்துவது நடைமுறையில் நீடிக்காது. மேலும் தனிப் பாலிசியில் இழப்பீட்டுக் கோரிக்கை எழுந்தால் அது பொதுவாக வீட்டுக் காப்பீட்டின் கோரிக்கை வரலாற்றைத் தொடாது. எடுக்கும் முன் ஒரு கேள்வியைத் தவறாமல் கேளுங்கள்: பூட்டு உடைந்த தடயம் ஏதுமில்லாமல் ஓர் அட்டை காணாமல் போனால், அதை ஏற்பார்களா? பல பாலிசிகள் காரணம் விளங்காத இழப்பை ஏற்பதில்லை. நீங்கள் அட்டைகளை விற்று வருமானம் ஈட்டுகிறீர்கள் என்றால் அதையும் மறைக்காதீர்கள். வணிகச் சரக்காகக் கருதப்படும் அட்டைகளுக்குச் சேகரிப்பாளர் பாலிசியில் இழப்பீடு மறுக்கப்படலாம்.

ஆனால் பாலிசியைவிட முக்கியமானது ஆவணம். எந்த நிறுவனமாக இருந்தாலும், அந்த அட்டை உங்களிடம் இருந்தது என்பதையும், அது இன்ன தரத்தில் இருந்தது என்பதையும் நீங்கள்தான் நிறுவ வேண்டும். தரமதிப்பீடு பெற்ற அட்டைகளின் பிளாஸ்டிக் உறையில் சான்றிதழ் எண் உண்டு. அதைக் குறித்து வைப்பது எளிது. அதோடு நின்றுவிடக் கூடாது. திருடியவர் அந்த உறையை உடைத்து அட்டையை மட்டும் விற்க முடியும். ஆகவே முன்புறம், பின்புறம் இரண்டையும் உயர்ந்த தெளிவுத்திறனில் ஸ்கேன் செய்யுங்கள். ஓரங்கள் எவ்வளவு சமமின்றி வெட்டப்பட்டுள்ளன, எந்த மூலையில் சிறு தேய்வு உள்ளது, எங்கே அச்சுப்புள்ளி விழுந்துள்ளது என்பவை ஒரே அச்சில் வந்த அட்டைகளுக்குள்ளும் வேறுபடும். உறையிழந்த அட்டையையும் உங்களுடையது என்று காட்ட இவையே உதவும். வாங்கிய ரசீதுகள், ஏல விலைப்பட்டியல்கள், கிரெடிட் கார்டு அறிக்கைகள் ஆகியவற்றையும் சேர்த்து, ஒரு படியை வீட்டுக்கு வெளியே வையுங்கள். கணினியோடு சேர்ந்து திருட்டுப்போகும் பட்டியலால் பயனில்லை.

மதிப்பைக் கணக்கிடும்போது விற்பவர்கள் கேட்கும் விலையை அல்ல, உண்மையில் விற்று முடிந்த விலையைப் பாருங்கள். 1986ஆம் ஆண்டு ஃப்ளீர் நிறுவனம் வெளியிட்ட, கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டனின் அட்டை, பிஎஸ்ஏவின் உச்சத் தரமான 10 தரத்தில், 2021 ஜனவரியில் 7,38,000 டாலருக்கு ஏலம் போனது. அதே ஆண்டிலேயே அதன் விலை அதில் பாதிக்கும் கீழே இறங்கியது. உச்ச விலையை வைத்துக் காப்பீடு செய்தவர் வீணாகப் பிரீமியம் கட்டினார். பழைய விலையையே வைத்திருந்தவர் ஏற்றத்தின்போது காப்பின்றி இருந்தார். ஆண்டுக்கு ஒரு முறையாவது பட்டியலைத் திருத்துங்கள்.

திருட்டு நடந்துவிட்டால் அன்றே காவல்துறையில் புகார் பதிந்து, அதன் எண்ணைக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள். தரமதிப்பீட்டு நிறுவனம், சுற்றுவட்டார அட்டைக் கடைகள், இணைய விற்பனைத் தளங்கள் ஆகியவற்றுக்கும் சான்றிதழ் எண்களையும் படங்களையும் அனுப்புங்கள். வரிக்கழிவாக ஈடுகட்டலாம் என்று எண்ண வேண்டாம்: 2018ஆம் வரியாண்டு முதல், வீட்டில் நடக்கும் சாதாரணத் திருட்டு இழப்பைத் தனிநபர்கள் கூட்டாட்சி வருமான வரியில் கழிக்க முடிவதில்லை.

கேள்வி: தீக்காப்புப் பெட்டகம் வாங்கினால் திருட்டு, தீ இரண்டுக்கும் சேர்த்துப் பாதுகாப்புக் கிடைக்குமா? அல்லது வங்கி லாக்கர் நல்லதா?
– வாசகி, ஃபிரிஸ்கோ, டெக்சஸ்

பதில்: திருட்டைத் தாங்குவதும் தீயைத் தாங்குவதும் வேறு வேறு தகுதிகள். தீக்கான சான்று மட்டுமே பெற்ற பெட்டகத்தைக் கடப்பாரையால் விரைவில் திறந்துவிடலாம்; சிறிய பெட்டகம் என்றால் திறக்கக்கூட வேண்டாம், தூக்கிக்கொண்டு போய்விடலாம். தரையில் கான்கிரீட்டோடு போல்ட் போட்டு இறுக்கப்படாத பெட்டகத்தை நான் பாதுகாப்பாகக் கருதுவதில்லை.

தீயைப் பொறுத்தவரை, வீட்டுப் பெட்டகங்களின் வழக்கமான தகுதி, உள்வெப்பம் 350 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டாது என்பதுதான். அது காகிதம் கருகாமல் இருப்பதற்கான அளவு. அட்டையைத் தாங்கியிருக்கும் பிளாஸ்டிக் உறை அதற்கு வெகு முன்பே இளகிவிடும். பெட்டகச் சுவருக்குள் இருக்கும் தீத்தடுப்புப் பொருளிலிருந்து ஈரமும் உள்ளே கசியக்கூடும் என்பதால், சிலிக்கா ஜெல் பொதிகளை வைத்து அவ்வப்போது மாற்றுங்கள். ஈரப்பதமானி ஒன்றும் உள்ளே இருக்கட்டும்.

மிக விலை உயர்ந்த சில அட்டைகளுக்கு வங்கி லாக்கர் ஏற்றது. ஆனால் வங்கி வைப்புகளைக் காப்பீடு செய்யும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிஐசி தரும் 2,50,000 டாலர் பாதுகாப்பு வைப்புத்தொகைக்கு உரியது. லாக்கரில் உள்ள பொருளுக்கு அல்ல. எனவே அங்கே வைத்தாலும் காப்பீடு வேண்டும், அட்டைகள் எங்கே உள்ளன என்பதை நிறுவனத்துக்குத் தெரிவிக்கவும் வேண்டும்.

கேள்வி: தரமதிப்பீட்டுக்கு அட்டைகளைத் தபாலில் அனுப்ப அஞ்சுகிறேன். எது பாதுகாப்பான வழி?
– வாசகர், சான் ஹோசே, கலிஃபோர்னியா

பதில்: உங்கள் அச்சம் நியாயமானது. 2024இல் ஒஹாயோவின் ஸ்ட்ராங்ஸ்வில் நகரில், கண்காட்சிக்காக ஓர் ஓட்டலுக்கு முன்கூட்டியே அனுப்பப்பட்ட, சுமார் 20 லட்சம் டாலர் மதிப்புள்ள பழைய பேஸ்பால் அட்டைகள் அங்கிருந்தே காணாமல் போயின. பெரும்பகுதி பின்னர் மீட்கப்பட்டது. பெறுபவரின் கைக்கு நேரடியாகச் சேராமல், நடுவில் ஓரிடத்தில் காத்திருக்கும் பொதிதான் எளிதில் திருட்டுப்போகிறது.

அமெரிக்க அஞ்சல்துறையின் பதிவுத் தபால் மெதுவானது. ஆனால் பொதி ஒவ்வொரு கை மாறும்போதும் கையொப்பம் பதிவாகும், 50,000 டாலர் வரை காப்பீடும் உண்டு. பளபளப்பான பிளாஸ்டிக் நாடா ஒட்டிய பொதியை அதற்கு ஏற்க மாட்டார்கள். காகித நாடாவால் ஒட்டுங்கள். தனியார் கூரியர்களிடம் நீங்கள் அறிவிக்கும் மதிப்பு காப்பீடு ஆகாது. விளையாட்டு அட்டைகளுக்கு அதிலும் தனி வரம்பு இருக்கலாம் என்பதால் விதிமுறைகளைப் படித்துவிட்டு அனுப்புங்கள். பெட்டியின் வெளிப்புறத்தில் அட்டை, சேகரிப்பு, பிஎஸ்ஏ போன்ற சொற்களை எழுதாதீர்கள். முகவரியில் தரமதிப்பீட்டு நிறுவனத்தின் பெயரை எழுதியே ஆக வேண்டுமா என்று முன்பே அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். உங்களிடம் சேகரிப்பாளர் பாலிசி இருந்தால், போக்குவரத்தின்போது அது எந்தத் தொகை வரை, எந்த வகைத் தபாலுக்குப் பொருந்தும் என்று பார்த்து, அந்தத் தொகைக்கு மேற்பட்டவற்றை ஒரே பொதியில் வைக்காமல் வெவ்வேறு நாள்களில் அனுப்புங்கள்.