வாசகர் கேள்வி – பதில்: பெயர் மறந்த புதையல் படங்கள்

கேள்வி: சின்ன வயதில் வாடகை கேசட்டில் பார்த்த ஒரு ஆங்கிலப் படத்தை ரொம்ப நாளாகத் தேடுகிறேன். நான்கைந்து பிள்ளைகள், பழைய வரைபடம், குகை, எலும்புக்கூடு, துரத்தி வரும் இரண்டு அசட்டுத் திருடர்கள், கூடவே ஒரு நாய். பெயர் மட்டும் ஞாபகமில்லை. என்ன படம் அது?

பதில்: நீங்கள் சொல்லும் அடையாளங்களை வைத்துத் தேடினால் அந்தக் காலத்து வீடியோ கடையில் பாதி அலமாரி கிடைக்கும்! 1985-இல் 'தி கூனீஸ்' வந்தது. ஸ்பீல்பெர்க் கதை, கிறிஸ் கொலம்பஸ் திரைக்கதை, ரிச்சர்ட் டானர் இயக்கம். அதுவாக இருந்தால் இந்நேரம் யாராவது உங்களுக்குப் பெயர் சொல்லியிருப்பார்கள், அதனால் அது இல்லை என்றே வைத்துக்கொள்வோம்.

குகையையும் எலும்புக்கூட்டையும் விடுங்கள், எல்லாப் படத்திலும் இருப்பதை வைத்து ஒரு படத்தைப் பிடிக்க முடியாது. வேறெதிலும் இல்லாத ஏதாவது ஒன்று, திருடன் ஓட்டிய வண்டி, ஒரு பையனின் விசித்திரமான தொப்பி, இப்படி எதுவாவது தட்டுப்படுகிறதா என்று யோசியுங்கள். படம் தொடங்கும் முன் கேசட்டில் வந்த டிரைலர்கள் நினைவிருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் டிரைலர் எந்தப் படத்துடையது என்று தெரிந்தால் உங்கள் கேசட் ஏறத்தாழ எந்த ஆண்டு வந்தது, எந்த நிறுவனம் வெளியிட்டது என்பதை ஊகித்துவிடலாம்.

அப்புறம், ஒரே படத்துக்கு நாட்டுக்கு ஒரு பெயர் வைத்த காலம் அது. 'ஈ.டி.' படத்தில் சிறுவனாக வந்த ஹென்றி தாமஸ் நடித்த 1986-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியப் படம் ஒன்று இருக்கிறது. சொந்த ஊரில் அது 'ஃபிராக் ட்ரீமிங்', அமெரிக்காவில் 'தி குவெஸ்ட்', பிரிட்டனில் 'தி கோ-கிட்ஸ்'. கைவிடப்பட்ட கல்குவாரிக் குளத்தில் பூதம் இருக்கிறது என்று ஒரு பையன் நம்பி இறங்குவான், கடைசியில் பூதம் என்பது மூழ்கிக் கிடந்த பழைய இயந்திரம். கதையை முழுசாகச் சொல்பவர்கள்கூடப் பெயரில் கோட்டை விடுவது இதனால்தான்.

இரண்டு படங்கள் உங்கள் தலைக்குள் ஒட்டிக்கொண்டிருக்கவும் வாய்ப்புண்டு. ஒரே டேப்பில் அடுத்தடுத்து இரண்டு படம் பதிந்து வைத்துப் பார்த்தவர்களுக்கு இது சகஜம்.

கேள்வி: ஏன் எல்லாப் படத்திலும் ஒரே கதை? காப்பியா?

பதில்: காப்பிதான், ஆனால் காரணத்தோடு செய்த காப்பி. வாடகைக் கடைகளுக்கு அலமாரியை நிரப்பப் படம் வேண்டும். குகை, டார்ச் லைட், நான்கு பிள்ளைகள், தடுக்கி விழ இரண்டு திருடர்கள் இருந்தால் குறைந்த செலவில் ஒன்றரை மணி நேரம் தேறிவிடும். பெரிய நட்சத்திரம் தேவையில்லை, பத்து வயதுப் பிள்ளை நடிகரைப் பார்த்தா கேசட் எடுக்கிறது? அட்டையைப் பார்த்துத்தான். அட்டையில் பாய் விரித்த கப்பல், பொற்காசு மலை, சீறும் பாம்பு என்று வரைந்திருப்பார்கள். உள்ளே போனால் ஒரு துடுப்புப் படகுதான் இருக்கும்!

இந்த அச்சு கேசட்டுக்கும் முந்தையது. பிரிட்டனில் 1951-இல் தொடங்கிய சில்ட்ரன்ஸ் ஃபிலிம் ஃபவுண்டேஷன், சினிமா டிக்கெட் மீதான ஒரு தீர்வைப் பணத்தில், சனிக்கிழமைக் காலைக் காட்சிகளுக்காக ஒரு மணி நேர அளவில் சிறுவர் படங்களை எடுத்துத் தள்ளியது. எனிட் பிளைட்டனின் புதையல் தீவுக் கதையை 1957-இல் எட்டுப் பகுதித் தொடராகவே எடுத்தார்கள்.

எனக்குப் பிடித்தது இன்னொன்று. இந்தப் படங்களில் பிள்ளைகள் ஆசைக்காகப் புதையல் தேடுவது குறைவு, பெரும்பாலும் பெரியவர்களின் கடனுக்காகத்தான். 'கூனீஸ்' பிள்ளைகள் குகைக்குள் இறங்குவதே, கோல்ஃப் மைதானத்துக்காகத் தங்கள் வீடுகள் பறிபோகப் போகின்றன என்பதால். அப்பாவும் அம்மாவும் சாப்பாட்டு மேசையில் தாழ்ந்த குரலில் பணத்தைப் பற்றிப் பேசுவதைப் பிள்ளை ஒட்டுக்கேட்கும் காட்சி வந்தாலே போதும், அடுத்து பரண், பரணில் வரைபடம். வீட்டுக் கஷ்டம் தெரிந்தும் ஒன்றும் செய்ய முடியாத வயதில் பார்த்தோம், அதனால்தான் இத்தனை சுமாரான படங்களும் இப்படி மனதில் நிற்கின்றன என்பது என் கட்சி.

கேள்வி: 'கூனீஸ்' கடைசியில் ஒரு பையன் ஆக்டோபஸ் பயமாக இருந்தது என்கிறான். நான் பார்த்த கேசட்டில் ஆக்டோபஸே வரவில்லை. கடைக்காரர் வெட்டிவிட்டாரா?

பதில்: பாவம், அவரை விட்டுவிடுங்கள். ஆக்டோபஸ் காட்சியைப் படம்பிடித்துவிட்டுப் படத்தொகுப்பில் தூக்கிவிட்டார்கள், அந்த வசனத்தை மட்டும் தூக்க மறந்தார்களோ என்னவோ, தங்கிவிட்டது. அதைச் சொல்லும் பையன் கே ஹுய் குவான், 2023-இல் ஆஸ்கர் வாங்கியவர்.

கேள்வி: வாடகை கேசட்டில் புதையல் கிடைக்கும் இடத்தில் மட்டும் கோடு கோடாக வருமே, ஏன்?

பதில்: உங்களுக்கு முன்னால் எடுத்துப் போன பிள்ளைகளின் கைவேலை அது. அந்தக் காட்சியைத்தான் எல்லோரும் திரும்பத் திரும்ப ரிவைண்ட் செய்வார்கள், நிறுத்தி வைத்தும் பார்ப்பார்கள். பாஸ் அழுத்தினால் டேப் நகராது, ஆனால் கேசட் போடும் வி.சி.ஆர். கருவிக்குள் இருக்கும் உருளை சுற்றிக்கொண்டே அதே இடத்தைத் தேய்க்கும். சில நிமிடங்களில் வி.சி.ஆர். தானாக நின்றுவிடுவது இந்தத் தேய்மானத்தைத் தவிர்க்கத்தான்.

கேள்வி: பெண் பிள்ளைகளே புதையல் தேடும் படம் உண்டா?

பதில்: 1995-இல் வந்த 'கோல்ட் டிக்கர்ஸ்: தி சீக்ரெட் ஆஃப் பேர் மவுண்டன்'. கிறிஸ்டினா ரிச்சியும் அன்னா கிளம்ஸ்கியும். மலைக்குள் தங்கம், சுரங்கத்தில் தண்ணீர் ஏறும் கட்டம் எல்லாம் உண்டு.

கேள்வி: பரணில் நாற்பது கேசட் கிடக்கிறது. போட்டுப் பார்க்கலாமா?

பதில்: உடனே போடாதீர்கள். கேசட்டின் ஜன்னல் வழியாகச் சுருளைப் பாருங்கள். வெள்ளையாகப் பொடி பூத்திருந்தால் பூஞ்சை, அதை வி.சி.ஆருக்குள் விட்டால் அடுத்து போடும் நல்ல கேசட்டுக்கும் தொற்றும். சுத்தமாக இருந்தால் ஒரு முறை கடைசி வரை ஓட்டி, ரிவைண்ட் செய்துவிட்டுப் போடுங்கள். முதுகுப் பக்கம் ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டு இருக்கும், அதை உடைத்துவிட்டால் தவறிக்கூட மேலே பதிவாகாது. கணினிக்கு மாற்றுவதைத் தள்ளிப்போட வேண்டாம். வி.சி.ஆர். செய்துகொண்டிருந்த கடைசி நிறுவனமான ஃபுனாய் 2016-இலேயே நிறுத்திவிட்டது, இனி பழுதானால் உதிரிபாகத்துக்கு அலைய வேண்டியதுதான். கடையில் எப்போதும் கிடைக்கும் பெரிய படங்களைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம், யாருக்கும் பெயர் தெரியாத கேசட்டை முதலில் மாற்றுங்கள்.

கேள்வி: என் பிள்ளைகளுக்கு இவற்றைப் போட்டால் பத்து நிமிடத்தில் எழுந்து போகிறார்கள்.

பதில்: நியாயம்தானே! முதல் அரை மணி நேரம் சைக்கிள் ஓட்டிக்கொண்டே இருக்கும் படங்கள் இவை, நாமும் வேறு கேசட் இல்லாததால்தான் உட்கார்ந்தோம். 1990-இல் வந்த நார்வே படம் 'ஷிப்ரெக்டு' போட்டுப் பாருங்கள். இயக்கியவர் நில்ஸ் கவுப், வில்லன் கேப்ரியல் பர்ன். குடும்பக் கடனுக்காகக் கப்பலேறும் பையன், தனித்தீவு, கொள்ளையர் புதையல், பொறி வைத்துத் தப்பிப்பது என்று வேகமாகப் போகும். அதற்கும் எழுந்து போனால் விட்டுவிடுங்கள், மீதியை நீங்கள் பாருங்கள்.