ஹோம் தியேட்டர் கணினிக்கு எந்த பிராசசர்: ஐ7 வாங்கலாமா, ரைசன் 7 வாங்கலாமா?

இன்டெலின் ஐ7, ஏஎம்டியின் ரைசன் 7 இரண்டும் வேண்டாம். டிவியுடன் இணைத்துப் படம் பார்க்க, யூடியூப் பார்க்க, பாட்டு கேட்க என்றுதான் கேட்டிருக்கிறீர்கள். கேம் என்ற பேச்சே இல்லை. அதற்கு எட்டு கோர் (பிராசசருக்குள் கணக்குப் போடும் தனித்தனிப் பகுதிகள்) எதற்கு? மிஞ்சும் பணத்தை ஸ்பீக்கரில் போடுங்கள்.

படம் ஓடும்போது கோர்கள் பெரும்பாலும் சும்மாதான் இருக்கும். சுருக்கி வைத்த வீடியோவை விரித்துக் காட்டுவதற்கென்றே பிராசசரின் கிராபிக்ஸ் பகுதியில் தனிச் சுற்று ஒன்று உண்டு. அதற்கு எந்தெந்த கோடெக், அதாவது வீடியோவைச் சுருக்கும் முறை, தெரியும் என்பதைத்தான் பார்க்க வேண்டும். தெரியாத கோடெக் வந்துவிட்டால் மொத்தச் சுமையும் கோர்கள் தலையில் விழும். பிராசசர் சூடாகி விசிறி இரையத் தொடங்கும். படத்தில் யாரும் பேசாத காட்சி வரும்போது அந்த இரைச்சல் எவ்வளவு எரிச்சல் என்பது கேட்டவர்களுக்குத்தான் தெரியும்.

4கே எச்டிஆர் (வெளிச்சமும் நிறமும் கூடுதல் செறிவாகத் தெரியும்) படங்களுக்கு 10 பிட் எச்இவிசி என்ற கோடெக் தெரிந்திருக்க வேண்டும். இன்டெலில் 2017 ஜனவரியில் டெஸ்க்டாப்புக்கு வந்த ஏழாம் தலைமுறையிலிருந்தே அது இருக்கிறது. யூடியூப் இப்போது அதிகம் அனுப்பும் ஏவி1 கோடெக்குக்கு 11ஆம் தலைமுறை வேண்டும். ஏஎம்டி பக்கம்தான் பலர் ஏமாறுகிறார்கள். 2021இல் வந்த ரைசன் 5 5600ஜி நல்ல பிராசசர்தான், ஆனால் ஏவி1 அதற்குத் தெரியாது, பிறகு வந்த ரைசன் 5 8600ஜிக்குத் தெரியும். இன்டெலில் பெயர் எஃப் என்ற எழுத்தில் முடிந்தால் கிராபிக்ஸே கிடையாது. விலை குறைவு என்று கடைக்காரர் நீட்டினாலும் வாங்காதீர்கள்.

நானாக இருந்தால் இன்டெல் என்100 போட்ட சிறு பெட்டி ஒன்றை வாங்குவேன். நான்கு கோர், 6 வாட், ஏவி1 உண்டு. விசிறியே இல்லாத மாடல்களும் கிடைக்கின்றன. டிவியோடு இணைக்க எச்டிஎம்ஐ 2.0 இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்; பழைய 1.4 என்றால் 4கே படம் 30 ஹெர்ட்ஸோடு (நொடிக்கு 30 முறை) நின்றுவிடும். பணம் இன்னும் குறைவென்றால், அலுவலகங்கள் கழித்துவிடும் ஐ5 8500டி மினி கணினிகளும் மோசமில்லை. ஏவி1 மட்டும் இருக்காது.

அதைவிடப் பழையதைத் தொடாதீர்கள். 2011இன் சாண்டி பிரிட்ஜ் (இன்டெலின் இரண்டாம் தலைமுறை) கணினியைப் பரணிலிருந்து இறக்கி டிவியில் மாட்டச் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சினிமா வட்டுகள் பெரும்பாலும் நொடிக்கு 23.976 பிரேம் ஓடும். அந்தத் தலைமுறை கிராபிக்ஸோ அதை 24 என்றே வைத்து அனுப்பியது. வித்தியாசம் அற்பம்தான். ஆனால் கேமரா மெதுவாக நகரும் காட்சிகளில் ஏறக்குறைய நாற்பது நொடிக்கொரு முறை படம் சட்டென்று ஒரு வெட்டு வெட்டும். ஒரு தடவை கண்ணில் பட்டுவிட்டால் பிறகு கதை மனதில் ஏறாது, அடுத்த வெட்டுக்குத்தான் காத்திருப்போம்.

வாங்கியதும் சோதித்துவிடுங்கள். யூடியூபில் ஒரு 4கே வீடியோவை ஓடவிட்டு, அதன்மீது ரைட் கிளிக் செய்து ‘ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்’ என்பதைத் திறந்தால் எந்த கோடெக் ஓடுகிறது என்று தெரியும். கூடவே விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் ஜிபியு பக்கத்தைப் பாருங்கள். ‘வீடியோ டீகோட்’ கோடு மேலே ஏறி, சிபியு கீழேயே கிடந்தால் தனிச் சுற்று வேலை செய்கிறது.

நெட்ஃபிளிக்ஸ் 4கே வேண்டுமென்றால் பிராசசர் மட்டும் போதாது. விண்டோஸில் எட்ஜ் உலாவி போன்ற சிலவற்றில்தான் அது வரும், லினக்ஸில் வராது. 4கே புளூ-ரே வட்டு போடும் எண்ணம் இருந்தால் கணினியை மறந்துவிடுங்கள். முறையான பிளேயர் மென்பொருள்கள் இன்டெலின் எஸ்ஜிஎக்ஸ் என்ற பாதுகாப்பு வசதியைக் கேட்டன. 11ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்களிலிருந்து இன்டெல் அதை எடுத்துவிட்டது, ஏஎம்டியில் எப்போதுமே இருந்ததில்லை. வட்டுக்குத் தனி பிளேயர்தான் சரி.