கோணேசர் மலையும் கறுப்புப் பாளமும்

வணக்கம் ஐயா,

‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’ படத்தை மறுபடி பார்த்தேன். அதன்பிறகு ஒரு கிழமையாக யூரியூப்பில் விளக்க வீடியோக்கள்தான். விண்கலத்தை நடத்தும் ஹால் என்ற கணினி பொய் சொன்னதா, பிழை விட்டதா? சதுரங்க ஆட்டத்தில் அது நகர்வைப் பிழையாகச் சொல்வது வேண்டுமென்றா? கடைசியில் வரும் வெள்ளை அறை எது? படத்தில் திரும்பத் திரும்ப வந்து நிற்கும் கறுப்புப் பாளம் உண்மையில் நாம் பார்க்கும் திரைதான், பக்கவாட்டில் நிமிர்த்தி வைத்திருக்கிறார்கள் என்கிறார் ஒருவர். குழம்பிப் போயிருக்கிறேன்.

என்னிடமும் ஒரு தியரி இருக்கிறது. கதையை எழுதிய ஆர்தர் சி. கிளார்க் 1956இல் நம்முடைய கோணேசர் மலையடியில் சுழியோடிப் பழைய கோவிலின் இடிபாடுகளைக் கண்டவர். 1968இல் படம் வருகிறது. மறைந்து கிடக்கும் ஒரு கறுப்புக் கல், அதைத் தொட்டால் ஞானம், முடிவில் மறுபிறப்பு. இது லிங்கம் இல்லாமல் வேறென்ன? இதை வீடியோவாகச் செய்யப் போகிறேன். உங்கள் கருத்தை அறிய ஆவல்.

கஜன், உவர்மலை, திருகோணமலை

அன்புள்ள கஜன்,

போன மாதம் கோணேசர் கோவில் படியில் வெளியூர்க்காரர் சிலருக்கு ஒருவர் விளக்கம் சொல்லிக்கொண்டு நின்றார். “ஸ்பேஸ் படம் எடுத்த வெள்ளைக்காரன் இந்தக் கடலுக்குள்ளதான் அந்தக் கல்லைக் கண்டவன்.” நான் ஒன்றும் சொல்லாமல் இறங்கி வந்துவிட்டேன். வந்த பிறகு, ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று என்மேலேயே எரிச்சல். அந்த எரிச்சல் ஆறுவதற்குள் உங்கள் கடிதம் வந்தது. ஆகவே அவருக்குச் சொல்லாமல் விட்டதும் சேர்ந்து உங்கள் தலையில் விழப்போகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

சில்லறைக் கேள்விகளை முதலில் முடித்துவிடுவோம். சதுரங்கம்: ஹால் சொல்வது பிழைதான். தன் பக்கத்திலிருந்து எண்ணி ராணியை ‘பிஷப் ஆறு’ என்று சொல்லவேண்டிய இடத்தில் ‘மூன்று’ என்கிறது. 1910இல் ஹம்பேர்க்கில் உண்மையாகவே ஆடப்பட்ட ஆட்டம் அது. இயக்குநர் கியூப்ரிக் சதுரங்கப் பைத்தியம் என்பதால் தெரிந்தே வைத்தார் என்கிறார்கள். வைத்திருக்கலாம். வசனம் எழுதும்போது கைதவறியும் இருக்கலாம். இரண்டில் எது என்று தெரிந்தாலும் படத்தில் உங்களுக்கு எதுவும் கூடப்போவதில்லை. திரையும் பாளமும் ஒன்று என்ற தியரி அழகானது. கேட்டவுடன் கைதட்டலாம். தட்டிவிட்டு அடுத்த காட்சிக்குப் போங்கள்.

ஹால் பற்றிய கேள்விக்குக் கிளார்க்கே விடை எழுதி வைத்துவிட்டார். 1982இல் வந்த இரண்டாம் நாவலில் இருக்கிறது. உண்மையை மறைக்காமல் சொல்லவென்று செய்யப்பட்ட இயந்திரத்துக்கு, பயணத்தின் நோக்கத்தைக் கூட வருபவர்களிடம் மறைக்கும்படி கட்டளை போடுகிறார்கள். இரண்டையும் ஒன்றாகச் செய்ய முடியாமல் அது நிலைகுலைகிறது. நல்ல, கெட்டிக்கார விடை. ஆனால் அதைப் படித்த பிறகு ஹாலின் சிவப்புக் கண்ணைப் பார்த்தால் எனக்குப் பழைய பயம் வருவதில்லை, பாவமாக இருக்கிறது. கிளார்க்குக்கு விடை சொல்லாமல் இருக்க வராது. 1987இல் ஒன்று, 1997இல் ஒன்று என்று மேலும் இரண்டு நாவல்கள் எழுதி விளக்கிக்கொண்டே போனார். கியூப்ரிக் அதற்கு நேர்மாறு. படத்தின் தொடக்கத்தில் வைக்கவென்று விஞ்ஞானிகளின் பேட்டிகளைப் படம் பிடிக்க வைத்தார், சேர்க்கவில்லை. பின்னணியில் கதைசொல்லும் குரல் வருவதாக இருந்தது, அதையும் எடுத்துவிட்டார். முதல் காட்சி திரையிட்டு முடிந்த பிறகும் சுமார் 19 நிமிடத்தை வெட்டினார். இவ்வளவு வெட்டியவரும் 1980இல் ஒரு ஜப்பானிய ஆவணப்படக்காரரிடம் தொலைபேசியில் வாய்விட்டிருக்கிறார். கடவுளைப் போன்ற சக்திகள் கடைசிக் காட்சியில் வரும் விண்வெளி வீரரை மனிதக் காட்சிச்சாலை ஒன்றில் வைத்துப் பார்க்கின்றன, அந்த அறை பிரெஞ்சுக் கட்டடக்கலையை அவை அரைகுறையாகப் பிரதி செய்தது என்று. அந்த ஒலிப்பதிவு 2018இல்தான் பரவலாக வெளியே வந்தது. வெள்ளை அறைக்கு இதைவிட அதிகாரபூர்வமான விடை கிடையாது. படமெடுத்தவரே சொன்னது. சொல்லுங்கள், கேட்டபிறகு நிம்மதியாக இருக்கிறதா? வீடியோக்காரர்கள் அதோடு வாயை மூடினார்களா?

மூடமாட்டார்கள். ஏனென்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நாங்களும் மூடவில்லை.

எண்பதுகளில் இந்தப் படத்தை எங்கள் ஒழுங்கையில் பார்த்தோம். ரீவியும் டெக்கும் ஓர் இரவுக்கு வாடகைக்கு எடுத்து, வளவுக்குள் பாய் விரித்து, கறண்ட் போனால் ஜெனரேற்றர். யாரோ சவுதியிலிருந்து கொண்டுவந்த கசெற். குரங்குகள் எலும்பை எறிந்து ஆர்ப்பாட்டம் செய்தபோது சின்னப்பிள்ளைகள் சந்தோஷப்பட்டார்கள், பிறகு அப்படியே நித்திரையாகிவிட்டார்கள். வளர்ந்தவர்கள் கொஞ்சப்பேர் விடாமல் இருந்தோம். விண்வெளி வீரர் கலர் கலரான வெளிச்சத்துக்குள் பாய்கிறார், கண் மட்டும் பெரிதாகத் தெரிகிறது, திரையில் இரண்டு கோடுகள் ஓடுகின்றன, திடீரென்று ஒரு மேசை. மேசையில் ரோசாப்பூ நிறத்தில் கேக். சுருக்கு வைத்த சட்டையில் ஒரு குழந்தை ஒற்றை மெழுகுதிரியைப் பார்த்து அழுகிறது. சுற்றிவர நாலைந்து பெரியவர்கள் கைதட்டுகிறார்கள். அத்துடன் கசெற் முடிந்தது.

யாரோ படத்தின் முடிவின்மேல் பிள்ளையின் பிறந்தநாளைப் பதிந்திருக்கிறார்கள். எல்லாருக்கும் விளங்கிவிட்டது, எங்கள் கணக்கு மாஸ்டரைத் தவிர. அவர் அதுதான் படத்தின் முடிவு என்று நின்றார். “அண்டம் முழுக்கச் சுத்திப் போட்டுப் போய் நிக்கிற இடம் ஒரு குழந்தையின்ர முகம். இதுக்கு மேல என்ன வேணும் உங்களுக்கு?” தேத்தண்ணிக் கடையிலும் கோவில் வீதியிலும் வருடக்கணக்காக இதே வாதம். கசெற்றில் கோடு ஓடியதே மாஸ்டர் என்றால், அது காலம் மாறுவதற்கான அறிகுறி என்பார். அந்தக் குடும்பத்தின் சுவரில் அரபுக் கலண்டர் தொங்கியதே என்றால், படம் எதிர்காலத்தில் நடக்கிறது என்பார். நீங்கள் பார்க்கிற வீடியோக்காரர்கள் எல்லாரும் அவருக்குப் பின்னால்தான் வரவேண்டும்.

பிறகு ஒருநாள் கொழும்பில் முழுப் படமும் பார்த்தேன். உங்களுக்குத்தான் தெரியுமே, கடைசியில் உண்மையாகவே ஒரு குழந்தை வருகிறது. பூமியைப் பார்த்தபடி மிதக்கிறது. ஊருக்கு வந்தவுடன் மாஸ்டர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். துள்ளுவார் என்று நினைத்தேன். மனுசன் சாய்மனைக்கதிரையில் கிடந்தபடி கொஞ்சம் யோசித்தார்.

“விடை சரி. ஆனா வழி காட்டேல்லையே தம்பி. எட்டிப் பாத்து எழுதினவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? புள்ளி போடேலாது.”

உங்கள் லிங்கத் தியரிக்கு இப்போது வருவோம். மாஸ்டருடையதில் விடையாவது சரி.

வழியைப் பார்ப்போமா? கிளார்க் இந்தப் படத்துக்கு விதையாக இருந்த ‘சென்ரினல்’ சிறுகதையை எழுதியது 1948இல். பிபிசி நடத்திய போட்டிக்கு அனுப்பிப் பரிசு கிடைக்காமல் போன கதை. 1951இல் அச்சில் வந்தது. அவர் கொழும்பைக் கண்ணால் கண்டதே 1954 கடைசியில், அவுஸ்திரேலியாவுக்குப் போகும் கப்பல் இங்கே தரித்த கொஞ்ச நேரத்தில். இலங்கையில் குடியேறியதும் சுழியோடி நண்பர் மைக் வில்சனோடு நம் மலையடியில் சுழியோடியதும் 1956. நிலவில் ஒரு பழைய பொருள், அதை வைத்துவிட்டுப் போனவர்கள் யாரென்று தெரியாது என்ற கரு, அவர் கோணேசர் கடலில் கால் நனைக்க எட்டு வருடம் முன்பே எழுதப்பட்டுவிட்டது. அந்தக் கதையில் இருப்பது கறுப்புப் பாளமும் அல்ல. மலைத்தட்டில் வெளிச்சமாக நிற்கிற, பிரமிட் போன்ற ஒன்று. புதைந்தும் கிடக்கவில்லை.

சரி, கறுப்பு எங்கிருந்து வந்தது? படத்துக்காக முதலில் கண்ணாடி போலத் தெளிவான பேர்ஸ்பெக்ஸ் என்ற பிளாஸ்ரிக் பாளம் ஒன்றைப் பெரிய செலவில் வார்த்தார்கள். கமராவில் எடுபடவில்லை. அதன் பிறகுதான் கறுப்பு. லிங்கம்தான் மூலம் என்றால் கண்ணாடியில் ஏன் தொடங்கவேண்டும்? லிங்கம் உருண்டை, பாளம் நாலு மூலை என்பதை நான் கணக்கில் எடுக்கவே இல்லை, அந்தளவுக்கு உங்களுக்குச் சலுகை தந்திருக்கிறேன்.

கோபிக்காதீர்கள். உங்கள் ஆசை எனக்கு விளங்குகிறது. உலகம் முழுக்கப் பேசுகிற ஒரு படத்துக்குள் நம் ஊர்க் கடலின் உப்பு கொஞ்சம் இருக்கவேண்டும் என்ற ஆசை. எனக்கும் உண்டு. ஆனால் கோணேசருக்குக் கியூப்ரிக்கின் நற்சான்றிதழ் எதற்கு? 1620களில் போர்த்துக்கேயர் இடித்த கோவில். அதன் கற்களைக் கோட்டை கட்ட எடுத்தார்கள், மிச்சம் கடலுக்குள் போனது. 1950இல் நிலத்தைத் தோண்டியபோது வெண்கல விக்கிரகங்கள் வெளியே வந்தன. 1963இல் புதுக் கோவிலுக்குக் கும்பாபிஷேகம். இடையில் இரண்டு வெளிநாட்டுக்காரர் காற்றுச் சிலிண்டரோடு இறங்கி, செதுக்கிய கற்களையும் உடைந்த தூண்களையும் பாசிக்குள் கண்டு, கண்டதைக் கண்டபடி எழுதினார்கள். இது போதாதா?

உண்மையில் விடையில்லாத புதிர்தான் வேண்டுமென்றால், அந்தக் கோட்டையின், இப்போதைய பிரெட்றிக் கோட்டையின், வாசலால் எத்தனை தரம் போயிருப்பீர்கள்? உள்ளே போனதும் மான்களைப் படமெடுக்க நிற்பீர்கள். வாசல் நிலைக்கல்லில் கயல் மீன்கள் செதுக்கியிருக்கிறதையும், பக்கத்தில் தேய்ந்த தமிழ் எழுத்துகளையும் நின்று பார்த்திருக்கிறீர்களா? பழைய மன்னன் குளக்கோட்டன் இந்தக் கோவிலுக்குச் செய்த திருப்பணியைப் பறங்கி பிரிப்பான் என்று தொடங்கி, பூனைக்கண் புகைக்கண் செங்கண் என்று ஆளப்போகிறவர்களை வரிசைப்படுத்துகிற வெண்பா அதுதான் என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கல்லில் இருப்பது துண்டு துண்டான சில எழுத்துகள். நம் வாயில் இருப்பது முழு வெண்பா, அதுவும் ஆளுக்கு ஒரு பாடம். நடுவில் இருக்கிற வெளியை யார் நிரப்பினார்கள், எப்போது? போர்த்துக்கேயர் வருவதற்கு முன்பே வந்த தீர்க்கதரிசனமா, எல்லாம் நடந்து முடிந்த பிறகு யாரோ துக்கத்தில் எழுதி முன்தேதி போட்டதா? கியூப்ரிக் தானே வெட்டி உண்டாக்கிய வெளி வேறு. இது உடைத்ததால் உண்டான வெளி. கியூப்ரிக்கின் வெளிக்குள் விளையாடலாம், ஒருவருக்கும் நட்டமில்லை. இதற்குள் கை வைப்பதென்றால் கல்லையும் ஆண்டையும் பிடித்துக்கொண்டுதான் வைக்கவேண்டும்.

நான் ஏன் இவ்வளவு இழுக்கிறேன் என்று நினைப்பீர்கள். வேறு ஊர்க்காரன் எழுதியிருந்தால் சிரித்துவிட்டு விட்டிருப்பேன். நம் மாவட்டத்தில் ஒரு கல்லைக் காட்டி, இது எங்களுடையது, ஆகவே சுற்றிவரவுள்ள காணியும் எங்களுடையது என்று பெயர்ப்பலகை நாட்டுகிறவர்களை நீங்கள் கண்டதில்லையா? அப்போது நாம் என்ன கேட்கிறோம்? எந்த நூற்றாண்டு, எழுத்து எங்கே, வாசித்தவர் யார் என்று கேட்கிறோம். கேட்கத்தான் வேண்டும். அந்தக் கேள்வியை மற்றவனிடம் கேட்கிற வாயால், 1956ஐ 1948க்கு முன்னால் கொண்டுபோய் வைத்து, சிவப்பு வட்டமும் அம்புக்குறியும் போட்டு வீடியோ விட்டீர்களென்றால், நாளைக்கு அவன் உங்கள் வீடியோவைத்தான் எடுத்துக் காட்டுவான். ‘பாருங்கள், இவர்களுடைய ஆதாரமெல்லாம் இப்படித்தான்.’

வீடியோ செய்யவேண்டாம் என்று சொல்லவில்லை. கை துறுதுறுக்கிற வயது, செய்யுங்கள். மைக் வில்சனைப் பற்றிச் செய்யுங்களேன். அதே சுழியோடி. 1962இல் நம் கடலுக்குள் கமராவை இறக்கி ‘ரன்முத்து தூவ’ எடுத்தவர், சிங்களத்தின் முதல் முழுநீள வண்ணப் படம். பிற்காலத்தில் எல்லாவற்றையும் விட்டு, சுவாமி சிவ கல்கி என்ற பெயரில் துறவியானார். இங்கிலாந்தில் பிறந்த ஒருவர், கோணேசர் மலையடியிலிருந்து காவிவரை போயிருக்கிறார். இதற்கு இதுவரை ஒருவரும் தியரி சொல்லி நான் கேட்டதில்லை. நீங்கள் எழுதுங்கள், வருடங்களைச் சரிபார்த்துவிட்டு அனுப்புங்கள், இங்கேயே போடுகிறேன்.